சேர்ந்துபோன வரிகள்

"எங்க வீட்டுக்காரர் என்னை மாதிரி பேசறார்" என்றாள் அந்த அம்மாள், உட்காருவதற்கு முன்னாலேயே.

வினோதினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாற்றகத்தின் இரண்டாம் மாடிக்கு வருகிறவர்கள் எல்லோரும் இப்படி எதையாவது சொல்லிக்கொண்டேதான் நுழைவார்கள். குரல் கட்டையாக இருக்கிறது, சிரிப்பு அவருடையது இல்லை, கோபமே வரமாட்டேன் என்கிறது, இத்தனை நல்லவராக அவர் எந்தக் காலத்தில் இருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே படிவம். பதினாறு வருஷமாக அதே படிவம்.

"உட்காருங்கம்மா. பேர்?"

"என் பேரா, அவர் பேரா?"

"போனவங்க பேர்."

"பிரசாந்த். நான் சிந்துஜா. இவ என் பொண்ணு, நறுமுகை."

பெண் உட்காரவில்லை. முப்பது வயதிருக்கும். கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு, அம்மாவின் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னை மாதிரின்னா எப்படிம்மா? குரலா?"

"குரல் அவரோடதுதான். பேச்சு என்னோடது. எனக்குக் கால் வீக்கம் உண்டு. போன வாரம் காலையில 'கால் வீங்கிக் கெடக்கு, செருப்பு நுழைய மாட்டேங்குது'ன்னு சொல்றார். அவருக்குக் கடைசி ரெண்டு மாசம் காலே அசையலை. எங்கேர்ந்தும்மா செருப்பு?"

"அம்மா, அது ஏதோ சின்னத் தப்பு. அதுக்குப்போய் இவ்வளவு தூரம்" என்றாள் நறுமுகை.

"நீ சும்மா இரு."

இறந்து தொண்ணூறாம் நாள் மாற்றகத்திலிருந்து ஓர் 'உரு' வீட்டுக்கு வந்துவிடும். யாரும் கேட்பதில்லை, குடும்ப அட்டை வருகிற மாதிரி வரும். சுவரில் மாட்டினால் முகம் தெரியும், கூப்பிட்டால் பேசும். போனவர் கடைசிக் காலத்தில் எழுதியது, எழுதச் சொன்னது எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிகள் வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றகத்துக்கு அனுப்பும். மாற்றகம் அதைப் பேசும் உருவாக மாற்றும். மாற்றுகிற பொத்தானை அழுத்துகிறவள் வினோதினி. ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் படித்துப் பார்ப்பாள், சிலசமயம் அழவும் செய்வாள். இப்போது கோப்பின் எண்ணை மட்டும்தான் பார்ப்பாள்.

"அவர் எப்படிம்மா எழுதினார்?"

"கண்ணாடி அறையில இருந்தார். நுரையீரல்ல அந்தப் பூஞ்சை. உள்ள யாரையும் விடமாட்டாங்க. மிஷின்தான் மூச்சு விட்டுது, அதனால பேச்சும் கிடையாது. கண்ணால பலகையில எழுதுவார். நான் வெளியில உட்கார்ந்து அதே பலகையில கையால எழுதுவேன். நாப்பத்திமூணு நாள்."

"ரெண்டு பேரும் ஒரே பலகையிலயா?"

"ஒரே பலகைதான். அவர் எழுதி முடிச்சதும் அடுத்த வரிக்குப் போகும். அதுல நான் எழுதுவேன். நான் முடிச்சா அடுத்த வரி அவரோடது."

"பேர் போட்டு எழுத மாட்டீங்களா?"

"இருக்கறது ரெண்டு பேர். இதுல பேர் எதுக்கு? ஒரு புள்ளி வைக்கவே அவருக்குக் கண்ணீர் வந்துடும், அவ்வளவு நேரம் முழிச்சுப் பார்க்கணும். புள்ளியும் கிடையாது, காற்புள்ளியும் கிடையாது. வரிதான்."

வினோதினி கோப்பைத் திறந்தாள். திரை முழுக்க எழுத்து. மேலிருந்து கீழ்வரை ஒரே பத்தி, சுவர் எழுப்பினாற்போல. எங்கேயும் ஒரு வரி முடிந்து இன்னொன்று தொடங்கவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் ஒன்றும் ஆகவில்லை.  

"கால் வீக்கத்துக்காக நான் வரலை" என்றாள் சிந்துஜா. "கடைசி நாள் பலகையில 'போதும் நிறுத்திடலாம்'னு இருந்துதாம். அதை வெச்சுத்தான் மிஷினை நிறுத்தினாங்க. அதைச் சொன்னது அவரா, நானா? எனக்கு அது தெரியணும்."

"உங்களுக்கே தெரியாதாம்மா?"

"தெரியாது. அந்த நாப்பத்திமூணு நாள்ல எது எந்த நாள்னே எனக்கு இல்லை. மனசுக்குள்ள நூறு தடவை சொல்லியிருக்கேன், போதும் நிறுத்திடலாம், போதும் நிறுத்திடலாம்னு. விரலுக்கும் வந்துடுச்சான்னு தெரியலை."

"அப்பாகிட்டயே கேட்டாச்சு" என்றாள் நறுமுகை. "தினமும் கேக்கறாங்க. 'நான்தான் சொன்னேன்'ன்னு தினமும் சொல்றார். அப்புறமும் என்ன?"

"செருப்பு நுழையலைன்னும் அவர்தான்டி சொல்றார்."



---

"எழுதி வாங்கிட்டு அனுப்பிடுங்க அக்கா" என்றான் யுகேந்திரன். வினோதினியைவிடப் பத்து வயது சின்னவன், மேலாளர். "உருவில் சிறு மாறுபாடு, சரிசெய்ய இயலாதுன்னு ஒரு வரி."

"மாறுபாடு இல்லை யுகேந்திரா. வரி முறிவு போயிடுச்சு. ரெண்டு பேர் பேசினதை ஒரே ஆள் பேசின மாதிரி மாத்தி வெச்சிருக்கோம்."

"நாம எப்பவுமே அப்படித்தானே மாத்தறோம்?"

அது உண்மை. மாற்றுகிற இயந்திரத்தில் 'வரி முறிவைக் காக்க' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. ஆரம்பத்தில் அதை டிக் செய்துதான் வைத்திருந்தார்கள். ஆனால் பழைய ஆஸ்பத்திரிக் கோப்புகளில் அறுபது எழுத்துக்கு ஒரு தடவை வரி தானாகவே ஒடிந்திருக்கும், வாக்கியம் முடிந்ததோ இல்லையோ. அதை அப்படியே காத்தால், உரு பாதி வார்த்தையில் நின்று மூச்சு வாங்கும். 'எங்கப்பாவுக்குத் திக்குவாயே கிடையாதே, யாரைக் கேட்டு இப்படிப் பண்ணினீங்க' என்று ஒரு நாள் முழுக்க ஒரு குடும்பமே வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு வினோதினிதான் அந்த டிக்கை எடுத்துவிட்டாள். திக்கல் நின்றது. புகாரும் நின்றது. எல்லோரும் அப்படியே எடுத்துவிடப் பழகினார்கள். மாற்றுவதற்கு முன் முதல் பத்து வரியைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. நாளைக்கு நாற்பது கோப்பு வருகிற இடத்தில் யார் படிப்பது.

"மூலக் கோப்பு இருக்கா?" என்றாள் வினோதினி, தெரிந்துகொண்டே.

"முப்பது நாள்ல அழிச்சுடணும், சட்டம். இது எட்டு மாசம்."

"அப்ப கையால பிரிச்சுத்தான் ஆகணும்."

"அக்கா, இதை ஒத்துக்கிட்டா, இதே மாதிரி ரெண்டு பேர் பேச்சு கலந்துபோன நாலாயிரத்தையும் ஒத்துக்கணும். நாலாயிரம் வீட்டுலயும் நிம்மதியாத்தான் இருக்காங்க. புதுக்கோட்டையில ஒரு வீட்டுல அவங்கப்பா உரு தினம் காலையில 'மோஷன் போச்சா'ன்னு கேக்குதாம். பையன் எனக்கு நன்றி சொல்லிக் கடிதம் போட்டிருக்கார். இருக்கறவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல, போனப்புறம்தான் எங்கப்பா அக்கறையா இருக்கார்னு."

"அது நர்ஸ் கேட்ட கேள்வி."

"எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போவுது?"

வினோதினி சிரித்திருக்க வேண்டிய இடம் அது. சிரிப்பு வரவில்லை. "இந்த அம்மா கேட்டுட்டாங்க" என்றாள். "அந்த டிக்கை எடுத்தது நான். நான் உட்கார்ந்துக்கறேன்."

"இயந்திரத்தையே யூகிக்கச் சொல்லுங்களேன். யார் சொல்லியிருப்பாங்கன்னு ஒரு கணக்குக் கொடுக்கும்."

"கேட்டுப் பார்த்தேன். அந்த வரிக்கு அவர் பாதி, அந்தம்மா பாதின்னுது."

வெளியே வந்து அவர்களிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். தப்பு யாருடையது என்றும் சொன்னாள். சிந்துஜா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். அந்த அம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள், மருந்துக்கடைக்காரர் வேளை சொல்லுவதைக் கேட்கிற மாதிரி.

"நீங்க என் பக்கத்துல உட்காரணும். இது அவர், இது நான்னு சொல்லச் சொல்ல, நான் அந்தந்த இடத்துல என்டர் தட்டி வரியை உடைச்சுக்கிட்டே போறேன். பத்துப் பன்னண்டு நாள் ஆகும்."

"உட்கார்றேன்."

"அம்மா, வேணாம். அந்த நாப்பத்திமூணு நாளையும் மறுபடி ஒண்ணு விடாம படிக்கப் போறியா?" நறுமுகையின் குரல் ஏறவில்லை. கெஞ்சலாகவும் இல்லை. "விட்டுடேன். அப்பா நல்லாத்தானே பேசிட்டிருக்கார்."

"நீ பத்து மணிக்குக் கொண்டுவந்து விடு. நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போ. படிக்கறது நான்தானே."

---

அடுத்த நாளிலிருந்து சிந்துஜா வினோதினியின் இடப்பக்கம் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் விரல் வைக்காமல் விரலை ஓட்டுவாள்.

சுவர் இப்படி ஆரம்பித்தது: எழுந்துட்டியா எப்பவோ எழுந்தாச்சு என்ன சாப்பிட்ட இட்லி எத்தனை ரெண்டு பொய் மூணு சட்னி என்ன சட்னின்னு பேர்தான்.

"எழுந்துட்டியா, அது நான். எப்பவோ எழுந்தாச்சு, அவர். என்ன சாப்பிட்ட, அவரேதான்."

"அவரே ரெண்டு வரியாம்மா?"

"இல்லை, ஒரே வரி. அப்புறம் நான், இட்லி. அவர், எத்தனை. நான், ரெண்டு. அவர், பொய்." சிந்துஜா நிறுத்தினாள். "தினமும் கேப்பார், நான் என்ன சாப்பிட்டேன்னு. அவருக்கு மூக்குல குழாய். என் இட்லியைக் கேட்டுத்தான் அவர் பசியாறினார்."

வினோதினி என்டர் தட்டினாள். எழுந்துட்டியா ஒரு வரியாயிற்று. கீழே எப்பவோ எழுந்தாச்சு என்ன சாப்பிட்ட.

"ரெண்டு பேருமே நீ வா போன்னுதான் பேசிப்பீங்களா?"

"ஒரே காலேஜ், ஒரே பெஞ்ச். நீங்கன்னு கூப்பிட்டா சிரிப்பு வந்துடும். மரியாதையா பேசியிருந்தா இப்ப உங்களுக்கு வசதியா இருந்திருக்கும்."

கோப்பின் ஓரத்தில் நாள் எண் மட்டும் மிஞ்சியிருந்தது. பலகையின் மூன்றாம் நாளில் அவர்கள் சண்டை போட்டிருந்தார்கள், வீட்டுத் தண்ணீர்த்தொட்டியை யார் மூடாமல் வந்தது என்று. ஏழாம் நாளுக்குரிய பகுதியில் அவர் நாள் முழுக்க எதுவுமே எழுதவில்லை. அவள் மட்டும் எழுதியிருந்தாள். முழிச்சுக்கோ முழிச்சுக்கோ முழிச்சுக்கோ. எத்தனை வரியாக உடைப்பது என்று வினோதினி கேட்டாள். "நான் ஒவ்வொரு தடவையும் என்டர் தட்டினேன்" என்றாள் சிந்துஜா. வினோதினியும் ஒவ்வொரு தடவையும் தட்டினாள்.

இருபதாம் நாளில் ஒரு ஜோக். அவர் எழுதியிருந்தார்: இந்த மிஷின் உன் அண்ணன் மாதிரி நாம பேசறதையே கேக்காம மூச்சு விட்டுக்கிட்டே இருக்கு. சிந்துஜா அதைப் படித்து, "இதுக்கு அன்னிக்கு நான் சிரிச்சேன்" என்றாள். இப்போது முகத்தில் ஒன்றுமில்லை. அன்றைக்குச் சிரித்ததாக ஒரு தகவல் சொன்னாள், அவ்வளவுதான்.

மதியம் இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். வினோதினியின் டப்பாவில் எலுமிச்சை சாதம் இருந்தது.

"உங்க வீட்டுலயும் யாராவது உருவா இருக்காங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள் சிந்துஜா.

"எங்க அக்கா. மாட்டலை. பெட்டியிலயே இருக்கு."

"ஏன்?"

"மாட்டணும்னு தோணலை. மாட்டக் கூடாதுன்னும் தோணலை."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. எல்லாத்துக்கும் அப்படித்தான் இருக்கு" என்றாள் சிந்துஜா. "டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அவர் எழுதியிருக்கார், நாங்களும் கேட்டோம், கண்ணை மூடித் திறந்து சம்மதம் சொன்னார்னார். கையெழுத்துப் போட்டேன். அழவே இல்லை. சொந்தக்காரங்க, கல்லு மாதிரி நிக்கறா பாருன்னாங்க. அப்படித்தான் நின்னேன்."

"அவர் சம்மதிச்சிருக்காரே. அப்புறம் எதுக்கும்மா யார் சொன்னதுன்னு?"

"அவர் எதுக்கும்மா சம்மதிக்க மாட்டார்? கல்யாணம் பண்ணிக்கலாமான்னு நான்தான் கேட்டேன். சரின்னார். ஒரு குழந்தை போதுமான்னேன். சரின்னார். வீட்டை வித்துடலாமா, சரி. நான் ஒண்ணு சொன்னா அவருக்கு சரிதான். தானா போதும்னு சொல்றது வேற, நான் சொல்லி அவர் சரின்னு சொல்றது வேற. நான் சொல்லியிருந்தா, அவரை நான்தான் அனுப்பியிருக்கேன்."

வினோதினி டப்பாவை மூடினாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பதினாறு வருஷத்தில் அந்த மாதிரி வார்த்தைகளை எல்லாம் படிவத்திலேயே எழுதித் தீர்த்துவிட்டிருந்தாள். "இன்னும் அஞ்சு நாள் பகுதிதான் இருக்கு" என்றாள்.

நறுமுகை தினமும் நாலு மணிக்கு வந்து படிக்கட்டுப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். உள்ளே வரமாட்டாள். "எதுவரைக்கும் ஆச்சு?" என்று மட்டும் கேட்பாள். முப்பத்தொண்ணு. முப்பத்தஞ்சு. நாப்பது. எண்ணைக் கேட்டதும் அம்மாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பாள்.

---

பன்னிரண்டாம் நாள் காலை கடைசிப் பகுதிக்கு வந்தார்கள். அரைத் திரைகூட இல்லை.

வினோதினி முதலில் முழுவதையும் ஒரு தடவை வாசித்துக் காட்டினாள், அவளுடைய தட்டையான குரலில்.

"சாப்பிட்டு வா பசிக்கல பொய் சரி போறேன் மெதுவா சாப்பிடு ம் வந்துட்டியா வந்தேன் பஸ்ல கூட்டமா ஆமா அழாத அழல வெளியில தூறலா ஆமா கண்ணாடியெல்லாம் ஈரம் போதும் நிறுத்திடலாம் சரி."

"அவ்வளவுதானா?"

"இதோட கோப்பு முடியுது."

சிந்துஜா கண்ணாடியைக் கழற்றினாள். திரும்பப் போட்டுக்கொண்டாள்.

"அந்த இடத்தை மட்டும் முதல்ல சொல்லுங்க. எப்படி உடைச்சா யார் சொன்னது?"

"தூறலான்னு அவர் கேட்டிருக்கார், உள்ளே இருந்ததனால. ஆமா கண்ணாடியெல்லாம் ஈரம்னு வெளியில இருந்தவங்க பதில். 'ஈரம்'கிற இடத்துல வரி உடைஞ்சிருந்தா, போதும் நிறுத்திடலாம்னு அடுத்த வரியில அவர் எழுதினது. சரிங்கறது வெளியில இருந்தவங்க. அந்த இடத்துல உடையாம இருந்தா, மழையையும் போதும்கிறதையும் வெளியில இருந்தவங்களே ஒரே மூச்சுல எழுதியிருக்காங்க. சரின்னு சொன்னது அவர்."

"ஒரே ஒரு என்டர்."

"ஆமாம்மா. ஒரே ஒரு இடம்தான்."

"சரி, மேலேர்ந்து வாங்க. வரும்போது தெரியும்." விரல் காற்றில் ஓடத் தொடங்கியது. "சாப்பிட்டு வா, அவர். பசிக்கல, நான். பொய், அவர். சரி போறேன், நான். மெதுவா சாப்பிடு, அவர். ம், நான். அப்ப நான் கேன்டீனுக்கு இறங்கிப் போறேன். வந்துட்டியா, அவர் கேக்கறார். வந்தேன், நான். பஸ்ல கூட்டமா, அ..."

விரல் நின்றது.

வினோதினி என்டர் விசையின் மேல் கையை வைத்தபடி காத்திருந்தாள்.

"கேன்டீன் கீழ்த்தளத்துல இருக்கு" என்றாள் சிந்துஜா.

"ம்."

"கீழ்த்தளத்துக்கு எதுக்கு பஸ்?"

வினோதினி விசையிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் அந்த நாப்பத்திமூணு நாளும் பஸ்ஸே ஏறலை. ஆஸ்பத்திரியிலயே ஒரு கட்டில் குடுத்திருந்தாங்க." அவள் திரையைப் பார்த்தே பேசினாள். "நறு அப்போ தஞ்சாவூர்ல வேலையில இருந்தா. ஞாயித்துக்கிழமை, ஞாயித்துக்கிழமை பஸ்ல வருவா. அவர் போனது வியாழன்."

"வியாழக்கிழமையும் வந்திருந்தாங்களா?"

"கேன்டீன்லேர்ந்து மேல வர்றேன், மாடிப்படியில நிக்கறா. எப்படி வந்தே, வரேன்னு சொல்லவே இல்லையேன்னேன். இப்பத்தாம்மா வந்தேன், இன்னும் மேலேயே போகலைன்னா. எனக்கு வாங்கின தயிர்சாதத்துல பாதி இருந்துது, குடுத்தேன். பிரிக்கவே இல்லை. கையிலயே வெச்சிருந்தா. அப்புறம் டாக்டர் படிவத்தோட இறங்கி வந்தார்." முந்தானை நுனியைக் கையில் எடுத்து, "தலை ஈரமா இருந்துது அவளுக்கு" என்றாள். "நான் முந்தானையால துடைச்சு விட்டேன். அதுகூட ஞாபகம் வருது. இத்தனை நாள் எங்கே போயிருந்துதுன்னு தெரியலை."

பக்கத்து மேசையில் யாரோ ஒரு கோப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாற்றம் முடிந்ததற்கான மணி ஒலித்தது. பிறகு அடுத்த கோப்பு.

"அப்ப நீங்க இல்லைம்மா" என்றாள் வினோதினி. "வந்துட்டியாவுக்குக் கீழே எதுவுமே உங்களோடது இல்லை. எப்படி உடைச்சாலும் நீங்க சொல்லலை."

இதற்காகத்தான் அந்த அம்மாள் பன்னிரண்டு நாள் வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ஏதாவது தளருகிறதா என்று வினோதினி பார்த்தாள். இல்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் தடவுகிற மாதிரி, அவள் கண் மட்டும் கடைசி நாலு வார்த்தைகளின் மேல் போய்ப் போய் வந்தது.

"ஈரம்கிற இடத்துல உடைக்கவாம்மா? உடைச்சா அவர் சொன்னதாயிடும். உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா அப்படியே..."

"உங்களுக்குத் தெரியுமா, அவர் சொன்னார்னு?"

"தெரியாது."

"அப்ப உடைக்காதீங்க."

"உடைக்காம விட்டு, சரியை மட்டும் தனி வரியாக்கினா..."

"அதையும் பண்ணாதீங்க. வந்துட்டியாவுலேர்ந்து கடைசிவரைக்கும் சேர்ந்தே இருக்கட்டும், மிஷின் வெச்சிருந்த மாதிரியே. கேட்டா நான்தான் சொன்னேன்னு அவரே சொல்லிக்கிட்டு இருக்கட்டும். மேலே பிரிச்சதெல்லாம் போதும் எனக்கு. கால் வீக்கம் என்கிட்ட வந்துடுச்சு."

"படிவத்துல என்ன எழுதட்டும்?"

"ஞாபகம் இல்லைன்னு சொன்னாங்கன்னு எழுதுங்க. எட்டு மாசமா அதைத்தானே சொல்லிட்டிருக்கேன். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

அவள் எழுந்தபோது மணி பதினொன்றுதான். நறுமுகையைப் போனில் கூப்பிட்டு, "முடிஞ்சுடுச்சு, வந்து கூட்டிட்டுப் போ" என்றாள்.  வருகிறவரைக்கும் வினோதினியின் மேசைமேல் கிடந்த குண்டூசிகளைப் பொறுக்கி, டப்பாவில் போட்டு மூடிவைத்தாள்.

---

முதல் நாளுக்குப் பிறகு நறுமுகை அன்றைக்குத்தான் உள்ளே வந்தாள்.

"நாப்பத்திமூணும் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு" என்றாள் சிந்துஜா. "கடைசியில கொஞ்சம் தெரியலை. விட்டுட்டோம்."

"எதுவரைக்கும் தெரிஞ்சுது?"

"நான் சாப்பிடப் போறவரைக்கும்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள்; வீக்கம் குறையவில்லை, ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நுழைத்தாள்.

"நான் படியில இறங்கிட்டே இருக்கேன். எனக்கு நேரமாகும், நீ வா" என்று சொல்லிவிட்டுச் சிந்துஜா போனாள். பையை மகள் தோளில் மாட்டவில்லை. தானே எடுத்துக்கொண்டு போனாள்.

அம்மாவின் செருப்புச் சத்தம் முதல் திருப்பத்தைத் தாண்டுகிறவரைக்கும் நறுமுகை நின்றுகொண்டே இருந்தாள். பிறகு நாற்காலியில், அம்மா பன்னிரண்டு நாள் உட்கார்ந்த நாற்காலியில், உட்கார்ந்தாள்.

"கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"பஸ்னு ஒரு வார்த்தை இருந்துது" என்றாள் வினோதினி.

"ஆமா. அப்பா எப்பவும் அதைத்தான் முதல்ல கேப்பார்." அவள் திரையைப் பார்த்தாள். மேலே நூற்றுக்கணக்கான குட்டைக் குட்டை வரிகள், படிக்கட்டு மாதிரி. அடியில் உடையாத ஒரு துண்டு. "அம்மா என்ன சொன்னாங்க?"

"சேர்ந்தே இருக்கட்டும்னாங்க. உரு எப்பவும்போல நான்தான் சொன்னேன்னு சொல்லும்."

"உரு வந்ததிலேர்ந்து அஞ்சு மாசமா நானும் அதை நம்பித்தான் இருந்தேன். தினம் அம்மா கேக்கும்போது நானும் பக்கத்துல போய் நின்னுப்பேன். நான்தான் சொன்னேன்ம்பார். ஒருநாள்கூட மாத்திச் சொன்னதில்லை. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, ஒருவேளை அவர்தான் சொன்னாரோன்னு." அவள் குரலிலும் ஏற்ற இறக்கம் இல்லை. அந்தக் குடும்பத்துக்கே அப்படித்தான் வருமோ என்னவோ. "அவங்க ராத்தூக்கம் இல்லாம, நானா சொன்னேன் நானா சொன்னேன்னு அலையறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒரு வார்த்தை வரலை எனக்கு."

வினோதினி திரையின் பக்கம் திரும்பினாள். அவளும் நாலாயிரம் கோப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தவள்தான்.

"உடைக்கணும்னா எந்த விசை?" என்றாள் நறுமுகை.

"அம்மா வேணாம்னு சொல்லியிருக்காங்க."

"எனக்காகச் சொன்னது அது."

வினோதினி விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினாள். "முதல்ல வந்துட்டியாலேர்ந்து ஆரம்பிங்க. எங்கெங்கே உடைக்கணுமோ அங்கே கொண்டுபோய் வெச்சு, இதைத் தட்டணும்."

நறுமுகை தட்டிக்கொண்டே வந்தாள். வந்துட்டியா, வந்தேன், பஸ்ல கூட்டமா, ஆமா. விரல் தடுமாறவில்லை; ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. அழாத. அழல. வெளியில தூறலா. அதற்கு அடுத்த வரியில், திரையில் மின்னும் சுட்டுக்கோடு மெல்ல நகர்ந்து 'ஈரம்' வரைக்கும் போய் நின்றது.

அங்கே தட்டுவாள் என்று வினோதினி நினைத்தாள். தட்டியிருந்தால் அதையும் அப்படியே பதிந்திருப்பாள்; யாரும் கேட்கப் போவதில்லை.

நறுமுகை தட்டவில்லை. கோட்டை இன்னும் இரண்டு வார்த்தை தள்ளிக்கொண்டு போனாள். 'சரி'க்கு முன்னால் நிறுத்தி, ஒரே ஒரு தடவை தட்டினாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் வினோதினி.

"அவ்வளவுதான்."

"இதைப் பதிஞ்சுட்டா, நாளையிலேர்ந்து உரு மாத்திச் சொல்லும். அம்மா கேட்டா, நான் சொல்லலை, சரின்னுதான் சொன்னேன்னு சொல்லும்."

"தெரியும். கேக்கும்போது நானும் பக்கத்துல நிப்பேன்." அவள் எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினாள். "அம்மா பாதிப் படிகூட இறங்கியிருக்க மாட்டாங்க. நான் போய்ப் பிடிச்சுக்கறேன்."